வெயிலில் மூடிய மலைவீதி

வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போது வீதியை மூடச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது.

டென்மார்க்கின் வைலேயிலும் கோல்டிங்கிலும் எங்களுடைய தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் சிலர், கொம்யூன் என்கிற உள்ளூராட்சிச் சபையின் வீதிப் பகுதியில் சேர்ந்திருக்கிறீர்கள், இந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாகப் பனிக்காவலுக்கு நிற்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உப்பு எப்போது தூவுவது, பனி தள்ளும் தகட்டை எவ்வளவு பதித்துப் பிடிப்பது என்பதையெல்லாம் அங்கே படிப்பிப்பார்கள். அவற்றை நான் எழுதப் போவதில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பகற்பொழுதில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று எங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் தொலைபேசி எடுத்து ஏசுவார்.

நான் வேலை செய்த இடம் கிழக்கு யூலாண்டில், கடலோரமாக இருக்கும் ஒரு தேசியப் பூங்கா. அதன் பெயரிலேயே மலை என்ற சொல் இருக்கிறது. எங்களுடைய மலைநாட்டில் நுவரெலியாவைப் பார்த்தவர்கள் அதைப் பார்த்தால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தது போல உருண்டையான புல்மேடுகள், மேடுகளின் தலையில் ஆதிகால மனிதரின் புதைகுழிகளை மூடிய மண்கும்பிகள், வருடம் முழுக்க வெளியில் நின்று மேயும் சடைபிடித்த மாடுகள். அவ்வளவுதான். ஆனால் தட்டையான இந்த நாட்டில் அதுதான் மலை. குளிர்காலத்தில் அது உண்மையாகவே மலையாகிவிடும்.

உச்சிக்கு ஒரே ஒரு தார்வீதி. கீழே கடலோர ஊரில் தொடங்கும். பாதி வழியில் இரண்டு பக்கமும் ஆளுயர மண்வரம்பு வர, நடுவில் வீதி வாய்க்கால் போலத் தாழ்ந்து போகும். பிறகு மேலேறி வாகனத் தரிப்பிடத்தைத் தாண்டி, வருடம் முழுக்க ஆட்கள் குடியிருக்கும் சில வீடுகளோடு முடிந்துவிடும். அந்தத் தாழ்ந்த இடம்தான் எங்களுடைய தலையிடி. காற்று விழுந்து கிடக்கும் பனியைக் கிளப்பி நிலத்தோடு நிலமாக ஓட்டிக்கொண்டு வந்து அதற்குள்தான் கொட்டும். டேனிஷ்காரருக்கு இதற்கென்று தனிச்சொல் உண்டு. எனக்கு அது வாயில் நுழையாததால் பனியோட்டம் என்று மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன்.

அன்று பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை. முதல்நாள் முழுக்கப் பனி கொட்டிவிட்டு, விடியத் துடைத்துவிட்டது போல வானம். பனி விழுவதே அருமையாகிவிட்ட நாட்டில், விடுமுறையும் பனியும் வெயிலும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் என்ன நடக்கும்? ஓகூஸ் நகரமே சறுக்குப் பலகைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்களுடைய மேட்டுக்கு வந்துவிட்டது. மேலே தரிப்பிடம் நிரம்பி, வீதியின் இரண்டு கரையிலும் கார்கள். பிள்ளைகளின் கீச்சுக்குரல் அடிவாரம் வரைக்கும் கேட்டது. நான் அடிவாரத்தில், கொம்யூனின் பிக்கப் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குச் சற்று முன் பொறுப்பாளரின் அழைப்பு வந்தது.

டேனிஷ் மொழியில் மரியாதைக்கு 'நீங்கள்' என்பதில்லை, எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். அவர் என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு நகரத்திலிருந்து வந்தவர். அவர் சொன்னதை எங்களுடைய பேச்சுத்தமிழிலேயே எழுதுகிறேன்.

"மேல போற வீதியை இப்ப மூடு."

"வெயில் எறிக்குது," என்றேன்.

"தெரியும். நானும் யன்னலால பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். பின்னேரம் கிழக்குக் காத்து எழும்பப் போகுது. நேற்று விழுந்த பனி இன்னும் இறுகேல்லை, கோதுமை மா மாதிரிக் கிடக்குது. காத்து வந்தா அந்தத் தாழ்ந்த இடம் நிரம்பும்."

"அப்ப காத்து வரேக்க மூடுவமே?"

"வரேக்க மேல எத்தினை கார் நிக்கும்?"

திரும்பி மேட்டைப் பார்த்தேன். வெயிலில் கார்க் கண்ணாடிகள் வரிசையாக மினுங்கின. இரண்டு கரையிலும் கார்கள் நிற்கும்போது பனி தள்ளும் டிராக்டர் நடுவால் போகவே முடியாது. எல்லாரும் ஒன்றாக இறங்க வெளிக்கிட்டால், ஒரு கார் குறுக்கே சறுக்கினாலே போதும். அதற்குப் பின்னால் பிள்ளைகளோடு நிற்கிற அத்தனை கார்களும் அந்த வாய்க்காலுக்குள் அடைபட்டுவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அந்த வெயிலில் என் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய மற்றத் தொலைபேசி அடித்தது. அவருக்கு மேலே இருந்த தலைவர். பொறுப்பாளர் என்னுடைய அழைப்பை வெட்ட மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

"ஓம், வெயில் எறிக்குது... ஓம், சனம் தூரத்தில இருந்து வந்திருக்குது... நான் பிழையெண்டா அவையளுக்கு ஒரு பின்னேர விளையாட்டு இல்லாமப் போகும். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். மூடாமல் விட்டு அது பிழைச்சுப்போனா ஆரிட்டப் போய் மன்னிப்புக் கேக்கிறது?... இல்லை, நான் திறக்க மாட்டன். திறக்கவேணுமெண்டா நீ எனக்கு எழுத்தில தா."

எழுத்தில் ஒன்றும் வரவில்லை என்று நினைக்கிறேன். மறுபடி என்னோடு பேசியபோது குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பொலிசுக்குச் சொல்லியாயிற்று, முதலில் ஏறுகிற வாகனங்களை நிறுத்து, பிறகு வலப்பக்கக் கார்களை மட்டும் இறக்கு, அவை முடிந்தபின் இடப்பக்கம் என்றார். சனத்தோடு எப்படிக் கதைப்பது என்றும் ஒரு சொல் சொன்னார்.

"காலநிலையைப் பற்றி ஒருத்தரோடையும் தர்க்கப்படாதை. வெயிலுக்குள்ள நிண்டு நீ வெல்ல மாட்டாய். எந்தப் பாதையால வீட்டை போறாய் எண்டு மட்டும் கேள்."

மேலே ஒரு தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு தன்னுடைய காருக்கு முன்னால் நின்றார். இரண்டு பிள்ளைகளும் இன்னும் சறுக்கிக்கொண்டிருந்தன. "இந்த வானத்தில எங்கயப்பா புயல் வரப்போகுது?" என்று கேட்டார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "எந்தப் பாதையால வீட்டை போறாய்?" என்று கேட்டேன். ஓகூஸுக்குப் போகிற பெருவீதியைச் சொன்னார். சொல்லும்போதே அவருடைய கண் கீழே அந்தத் தாழ்ந்த இடத்துக்குப் போனது. அங்கே ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அகலம்தான் இருந்தது என்பதை அப்போதுதான் கண்டார் போலும். பிள்ளைகளைக் கூப்பிட்டார். அன்று இன்னும் பலரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். வீட்டுக்குப் போகும் வழியை ஒருவன் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினால், அவன் பாதி வெளிக்கிட்டுவிட்டான் என்று அர்த்தம். இதை வேறெங்கும் நான் படிக்கவில்லை.

எல்லாரும் இப்படி இறங்கவில்லை. ஏசினவர்கள் இருந்தார்கள். என்னுடைய நிறத்தைப் பற்றிச் சொன்னவரும் ஒருவர் இருந்தார். ஆனாலும் கார்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் அடிவாரத் தடுப்புக்கு முன்னால் கொம்யூனின் வீட்டுப் பராமரிப்புக் கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியது சுகந்தி. பருத்தித்துறைப் பிள்ளை, தாதியாக வேலை. எங்களுடைய குடும்பத்துக்கு நல்ல பழக்கம்.

"அண்ணை, நான் மேல போகவேணும்."

"வீதி மூடியாச்சு பிள்ளை."

"மேல கடைசி வீட்டில ஒரு அப்பு தனிய இருக்கிறார். இருதய வருத்தக்காரர். கால் வீங்கியிருக்குது, படுக்க ஏலாமல் இருக்குது எண்டு காலமை சொன்னவர். நான் பாக்காமல் விட்டுட்டுப் போக மாட்டன்."

டேனிஷ்காரக் கிழவரை அவள் அப்பு என்றுதான் சொன்னாள். நான் பொறுப்பாளரைக் கேட்டேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"போகட்டும். ஆனா அவவின்ர கார் கீழ நிக்கவேணும். யென்ஸ் டிராக்டரில ஏத்திக்கொண்டு போய் இறக்கிவிடட்டும். அவ மேல நிக்கிறா எண்டதை நீ மறக்காதை. அவ இறங்குமட்டும் வீதி மூடி முடியேல்லை."

யென்ஸ் பக்கத்துப் பண்ணைக்காரன். குளிர்காலத்தில் தன்னுடைய டிராக்டருக்கு முன்னால் பனித்தகடு பூட்டி எங்களுக்கு வேலை செய்பவன். சுகந்தியை மேலே இறக்கிவிட்டு, மிஞ்சிய கார்களுக்குப் பின்னால் வீதியைத் துப்புரவாக்கிக்கொண்டு இறங்கி வந்தான். அவள் வேலை முடிந்ததும் அழைப்பாள், மறுபடி போய் ஏற்றுவதாக ஏற்பாடு. கடைசிக் கார் அடிவாரம் தாண்டியபோதும் வெயில்தான். யென்ஸ் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். இவ்வளவு சனத்தையும் சும்மா விரட்டிவிட்டோமே என்று இருந்தது.

காற்று வந்தபோது முதலில் சத்தம் எதுவும் வரவில்லை. மேட்டின் விளிம்பில் வெள்ளைப் புகை எழும்பியது போல இருந்தது. பிறகு அந்தப் புகை நிலத்தோடு படர்ந்து இறங்கியது. தலைக்கு மேலே வானம் நீலமாகவே இருக்க, இடுப்புக்குக் கீழே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. என் சப்பாத்து எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வானமும் போய்விட்டது.

சுகந்தியின் அழைப்பு அப்போதுதான் வந்தது.

"அண்ணை, அப்புவுக்கு மூச்செடுக்க ஏலாமல் வருது. நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டியிட்டுது எண்டு நினைக்கிறன். அவசர இலக்கத்துக்கு அடிச்சிட்டன். அம்புலன்ஸ் வருகுதாம், ஹெலிகொப்டர் இந்தக் காத்தில இறங்க ஏலாதாம். வீதி திறந்திருக்கோ?"

"திறப்பம்," என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

யென்ஸ் உடனே ஏறினான். தாழ்ந்த இடத்துக்குள் தகட்டைக் குத்தினான். பின்னுக்கு வந்து மறுபடி குத்தினான். அவன் தள்ளின இடத்தை அவனுக்குப் பின்னாலேயே காற்று நிரப்பியது. வரம்புக்கு வரம்பு பனி மூடியிருந்தது. "இன்னும் ஒருக்கா வேகமா அடிச்சுப் பாக்கிறன்," என்று ரேடியோவில் கத்தினான்.

"வேண்டாம்," என்றார் பொறுப்பாளர். "நீ அதுக்குள்ள இறுகினா எனக்கு வேறை டிராக்டர் இல்லை. வெளியால வா."

அம்புலன்ஸ் அடிவாரத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு இளம் மருத்துவ உதவியாளர் இறங்கி என்னிடம் ஓடிவந்தார். ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. மேலே ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கிறார், கந்தோர் மேசையில் இருந்துகொண்டு பொறுப்பாளர் என்ன யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று கோபம் வந்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது. நான் எதிர்பார்க்காத கேள்வி.

"மேட்டு முதுகில பனி கிடக்குதோ?"

பனியோட்டம் ஒரு கணம் விலகிய இடைவெளியில் பார்த்தேன். முதுகு மண்ணிறமாகத் தெரிந்தது. காற்று அங்கிருந்த பனியை முழுக்க வழித்துக்கொண்டு வந்துதான் எங்களுடைய வீதிக்குள் கொட்டியிருந்தது.

"இல்லை. புல்லுத் தெரியுது."

"அப்ப அதாலதான் போகவேணும்."

அது வீதியே இல்லை, பிள்ளைகளே. பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். அந்தப் புல்லில் கோடையில் சைக்கிள்கூட ஓட்ட விடமாட்டோம். புதைகுழிக் கும்பிகளுக்குக் கிட்ட ஒரு வாகனச் சில்லுப் பட்டாலும் சட்டப்படி குற்றம். அதைக் காப்பாற்றத்தான் எங்களுக்குச் சம்பளம். பொறுப்பாளர் உடனே இயற்கைக் காவலரை அழைத்தார். நிலம் நன்றாக உறைந்து கிடக்கிறது, மாடுகள் கீழ்ப்பக்கத்து ஒதுக்கில் நிற்கின்றன, கும்பிகளை இடக்கைப் பக்கமாக விட்டுக்கொண்டு போனால் பிழையில்லை என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். கேட்டவுடன் பொறுப்பாளர் எங்களுக்கு அதைச் சொல்லிவிட்டு, "வேலியை வெட்டுங்கோ. நான் சொல்லி வெட்டினது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ," என்றார். 'நாங்கள்' என்று சொல்லவில்லை. 'நான்' என்றார். அந்த ஒரு சொல்லோடு யென்ஸ் கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனான்.

அம்புலன்ஸ் அந்த நிலத்தில் ஓடாது. ஆகவே டிராக்டர் முன்னால், நான் பிக்கப்பில் பின்னால், எனக்குப் பக்கத்தில் அந்த உதவியாளர், பின் இருக்கையில் ஒட்சிசனும் பைகளும் என்று ஏற்பாடு. வெளிக்கிடும்போது பொறுப்பாளர் என்னிடம் சொன்னார்:

"யென்ஸின்ர செம்மஞ்சள் லைற் தெரியுமட்டும் ஓடு. தெரியாட்டி நில்லு. தேடாதை. அவன் உன்னைத் தேடி வருவான்."

யென்ஸிடம், கண்ணாடியில் என்னுடைய லைற் மறைந்தால் அங்கேயே நிறுத்தி, தன்னுடைய சில்லடையாளத்திலேயே பின்னுக்கு வரச் சொன்னார்.

முதுகில் ஏறியதும் பனி இல்லை, ஆனால் காற்று வாகனத்தைப் பிடித்து உலுக்கியது. செம்மஞ்சள் லைற் சுழல்வது தெரியும், மறையும், தெரியும். கும்பிகள் இடப்பக்கத்தில் படுத்திருக்கும் மாடுகள் போல வந்து போயின. பிறகு எல்லாம் வெள்ளை. லைற் இல்லை. நான் நிறுத்தினேன்.

"ஏன் நிக்கிறாய்?" என்று உதவியாளர் கேட்டார்.

"லைற் தெரியேல்லை."

"நேராத்தானே போனது. போ! அந்த மனிசனுக்கு நேரமில்லை."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. நேராகத்தான் போனது. என் கால் வேகமிதியை அழுத்தத் தயாராக இருந்தது. சுகந்தியின் குரல் காதுக்குள் நின்றது. ஒரு நல்ல காரியத்துக்காகப் போகும்போது நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை. உதவியாளர் கதவின் கைபிடியைப் பிடித்தார், நடந்து போகிறேன் என்றார். "கதவைத் திறந்தா உன்னையும் தேடவேணும்," என்றேன். இந்த ஒன்று மட்டும் எனக்குத் தானாக வந்தது. மற்றதெல்லாம் பொறுப்பாளர் சொன்னது.

நின்றோம். கண்ணாடியில் பனி மணல் போல அறைந்தது.

பிறகு செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. நான் எதிர்பார்த்த நேர்ப்பக்கத்தில் இல்லை. நன்றாக இடப்பக்கமாக, பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. யென்ஸ் இறங்கி வந்து என்னுடைய கண்ணாடியில் தட்டி, நேரே முன்னால் கையைக் காட்டினான். அங்கே மேடு சடாரென்று உடைந்து ஒரு பெரிய பள்ளமாக இறங்குகிறது. அதைச் சுற்றத்தான் அவன் திரும்பியிருந்தான். நேராகப் போயிருந்தால் நாங்கள் இருவரும் மீட்கப்பட வேண்டியவர்களாகியிருப்போம். உதவியாளர் என்னுடைய தோளில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார்.

மேலே வீட்டு வாசல்விறாந்தையில் கிழவரைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தி வைத்திருந்தாள் சுகந்தி. காலைத் தொங்கப்போட்டு, பாதத்துக்குக் கம்பளி மேசும் போட்டு, மருந்துகளை ஒரு பையில் கட்டி, கோட்டை மடியில் வைத்திருந்தாள். அவருடைய மூச்சுக்கேற்ப அவளும் மெதுவாக மூச்செடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடமும் வீணாகாமல் எல்லாம் ஆயத்தம். கிழவரின் உதடு நீலம். உதவியாளர் ஒட்சிசனைப் பூட்டி ஊசி போட்டபின், கிழவர் என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, "டென்மார்க்கில... மலையில... இருக்கவேணுமெண்டு... ஆசைப்பட்டது... என்ர பிழை," என்றார்.

"இப்ப கதைக்கக் கூடாது," என்று சுகந்தி டேனிஷில் அதட்டினாள். எனக்குத் தமிழில், "அண்ணை, இவர் படுத்தாரெண்டா மூச்சு நிண்டுபோம். பின் சீற்றில நிமிந்துதான் இருக்கவேணும். குலுக்காமல் ஓடுங்கோ," என்றாள்.

குலுக்காமல் ஓட்டினேன் என்று சொல்ல மாட்டேன். எங்களுடைய சில்லடையாளம் அதற்குள் அழிந்திருந்தது. இரண்டு தடவை லைற் மறைந்தது, இரண்டு தடவையும் நின்றேன். இந்த முறை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சுகந்தி யென்ஸின் டிராக்டர்க் கூட்டுக்குள் ஒடுங்கி இருந்து, பின்னால் எங்களுடைய லைற்றைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். அடிவாரத்தில் கிழவரை அம்புலன்ஸுக்கு மாற்றினார்கள். அது ஊதிக்கொண்டு வெறும் பெருவீதியில் ஓடி மறைந்தது. மத்தியானத்தில் இறக்கின அத்தனை கார்களும் மேலே நின்றிருந்தால் யென்ஸும் மேலேதான் அகப்பட்டிருப்பான், எங்களுடைய கண்ணெல்லாம் அந்தப் பிள்ளைகளின் மேல்தான் இருந்திருக்கும். கிழவரைப் பற்றி நினைக்கவே எங்களுக்கு ஆள் இருந்திருக்காது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரேடியோவில் பொறுப்பாளர் கேட்டார்: "சுகந்தி கீழயோ?"

"ஓம்."

"யென்ஸ்?"

"ஓம்."

"நீ?"

"நான் இல்லாமலோ கதைக்கிறன்?"

முதல் தடவையாக அன்று அவர் சிரித்தது கேட்டது. "அப்ப இப்ப வீதி மூடியாச்சு," என்றார்.

கிழவர் பிழைத்தார். வசந்தத்துக்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டார். மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று பிடிவாதமாக அங்கேயே இருந்தார். சுகந்தியும் தொடர்ந்து போய்வந்தாள்.

அடுத்த கிழமை ஒரு கூட்டம் நடந்தது. பொறுப்பாளர் எங்களைப் புகழவும் இல்லை, தன்னைப் பற்றிப் பேசவும் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "நான் சொன்னதைக் கேக்காமல் விடவேணும்போல இருந்த இடம் எது?" யென்ஸ், இன்னும் ஒருக்கா அடிக்க நினைத்ததைச் சொன்னான். நான் வெயிலில் மூடச் சொன்னதையும், லைற் மறைந்த இடத்தையும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த வருடம் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இடங்களைத்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும், மற்றதைத் தாங்களே பிடித்துக்கொள்வார்கள் என்றார். பனி கரைந்தபின் இயற்கைக் காவலரோடு அந்த முதுகில் நடந்துபோய்ப் பார்த்தார். ஓரிடத்தில் சில்லு ஆழமாகப் பதிந்து புல்வேர் அறுந்திருந்தது. தான்தான் ஓட்டச் சொன்னது என்று மேலிடத்துக்குத் தானே அறிவித்தார். கோடையில் வெட்டின வேலிக்குப் புதுக்கம்பி கட்ட நானும் யென்ஸும் போனோம். அவரும் கையுறை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

இத்தோடு நிறுத்தினால் இது நல்ல கதை. ஆனால் நான் அவரை ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்பது உங்களுக்கு விளங்காமல் போய்விடும். ஆகவே மற்றதையும் சொல்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் அதே மாதிரி ஒரு நாள். பனி, வெயில், சறுக்குப் பலகைகள், பின்னேரம் காற்று என்ற அறிவிப்பு. மத்தியானத்தில் மூடச் சொன்னார். இந்த முறை நான் ஒரு சொல்லும் சொல்லாமல் மூடினேன். சனத்தை இறக்கினோம். காத்திருந்தோம்.

காற்று வரவில்லை.

பின்னேரம் முழுக்க வெயில். ஒரு புல்லும் அசையவில்லை. அடிவாரத்தில் தடுப்புக்கு முன்னால் சனம் கூடிவிட்டது. பிள்ளைகள் அழுதன. ஒருவர் படம்பிடித்துக்கொண்டிருந்தார். நான் மாட்டுப்பட்டேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் பொறுப்பாளரின் சிறிய கார் வந்து நின்றது. கந்தோரில் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இறங்கி வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"மூடச் சொன்னது நான். காத்து வருமெண்டு நினைச்சன், வரேல்லை. உங்கட நாள் வீணாப்போச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார்.

போன வருடத்துக் கிழவரைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாரும் வாயை மூடியிருப்பார்கள். சொல்லவில்லை. ஏச்சு முழுவதையும் நின்று கேட்டார். பிறகு தன் கையாலேயே தடுப்பைத் தூக்கினார். சனம் போனபின் இருவரும் பிக்கப்பில் இருந்தோம்.

"நான் இண்டைக்குப் பிழைவிட்டது எனக்குக் கவலை இல்லை," என்றார். "இந்த ஏச்சு மனசில நிண்டு, அடுத்த முறை என்னை மூடவிடாமல் செய்யுமோ எண்டதுதான் பயம். நான் தயங்கினா, இந்த நாளை நினைச்சுத்தான் தயங்குறியோ எண்டு என்னைக் கேள்."

சரி என்றேன். மறந்தும் போனேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய குளிர்காலம். மறுபடி விடுமுறை, மறுபடி வெயில், மேட்டில் நிறையக் கார்கள். காற்று அறிவிப்பும் வந்துவிட்டது. மத்தியானம் தாண்டியும் அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. நானே எடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் பாப்பம். உறுதியா வருமெண்டு சொல்ல ஏலாது," என்றார். இதுவரை நான் அவரிடம் கேட்டிராத குரல். பிக்கப்பில் இருந்து அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அந்த நாளை நினைச்சுத்தான் தயங்குறியோ?" என்று கேட்டேன்.

மறுமுனையில் அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது.

"ஓம்," என்றார். "மூடு."

தடுப்பை இறக்கினேன். முதலில் வந்த காரின் கண்ணாடி இறங்கியது. வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். எந்தப் பாதையால் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்கக் குனிந்தேன்.